பெயர் ஒன்று, ஊர் ஒன்று, காலம் தெரியவில்லை

1

கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது துரையிடமிருந்து அந்தப் படம் வந்தது.

நான் வேலை பார்க்கும் நூலகத்தின் தமிழ்ச் சுவடிகளை இணையத்தில் எவரும் தேடிப் படிக்கலாம் என்று திறந்துவிட்டு அன்றோடு ஒரு வருடம். ஜெர்மனியில் யாருக்குப் பிறந்தநாளோ அவரேதான் கேக் செய்து எடுத்துவர வேண்டும். சுவடிகளால் அது முடியாது என்பதால் நான் செய்துகொண்டு போயிருந்தேன். என் மேலதிகாரி உல்ரிக்கே வெட்டினாள், நான் தட்டுகளை நீட்டிக்கொண்டிருந்தேன். துரை என் அக்கா மகன். திருநெல்வேலியில் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறான். சித்திக்கு அவன் அனுப்புவதெல்லாம் கபடி ஆட்டமும் அவன் அம்மா வைத்த மீன்குழம்பும்தான். அப்படி ஏதோ என்று நினைத்துத்தான் போனைத் திறந்தேன்.

படத்தில் எங்கள் இணையப் பக்கம் இருந்தது. தேடும் பெட்டியில் அவனுடைய முழுப்பெயர். அதன் கீழே அவன் ஊர், அதன் கீழே மாவட்டக் கபடிக் கோப்பையோடு பல்லெல்லாம் தெரிய அவன் நிற்கும் புகைப்படம். பக்கத்தில் எங்கள் குறிப்பு: ‘மடைக்குட்டியை வெட்டிக் கொன்ற மூவரில் மூத்தவன். காலம்: தெரியவில்லை.’

“சித்தி, நான் யார வெட்டினேன்?” என்று அடியில் எழுதி, சிரிக்கும் முகம் ஒன்றும் போட்டிருந்தான்.

என் கையில் இருந்த தட்டு சரிந்து கேக் தரையில் விழுந்தது. என்ன ஆயிற்று என்று உல்ரிக்கே கேட்டாள். “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று அவளிடம் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். பயம் வந்தால் எனக்கு முதலில் போவது ஜெர்மன் மொழிதான்.

வராந்தாவுக்கு ஓடி அவனைக் கூப்பிட்டேன்.

“பிளேஸ்மென்ட் சார் சொன்னாரு சித்தி. கம்பெனிக்காரங்க வேலைக்கு எடுக்கதுக்கு முன்னாடி நெட்ல பேரத் தேடிப் பாப்பாங்களாம். நீங்களே ஒருக்கா தேடிப் பாத்துக்கிடுங்கன்னாரு. தேடினா இது வருது.”

“யார்ட்டயாவது காட்டினியாலே?”

“கிளாஸ் குரூப்ல போட்டேன். எல்லாவனும் விழுந்து விழுந்து சிரிக்கான்.”

“குரூப்ல மேலூர்ப் பயலுவ இருக்கானுவளா?”

“இருக்கான்லா. ஏன் சித்தி?”

அதை உடனே அழித்துவிடு என்று மட்டும் சொன்னேன். அழித்தான். அதற்குள் வேறு குரூப்புகளுக்குப் போய்விட்டிருந்தது.

2

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் கோபிக்கக் கூடாது. இரண்டு ஊர்களின் உண்மைப் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. இந்தக் குறிப்பும் ஒரு நாள் எவனோ ஒருவனுடைய தேடலில் அகப்படும் என்பது என் தொழிலில் இருப்பவளுக்குத் தெரியாதா? தாமிரபரணியிலிருந்து பிரியும் ஒரு கால்வாய். அதன் மேல்பக்கம் இருப்பதை மேலூர் என்றும் கீழ்ப்பக்கம் இருப்பதைக் கீழூர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மேலூர் நான் பிறந்த ஊர். கீழூர் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர்.

துரை என்பதும் சான்றிதழில் இருக்கும் பெயர் இல்லை. அவனுக்கு அவன் அப்பாவின் அப்பா பெயரை வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லமாட்டாள். பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டால் பிள்ளையையும் கூப்பிட முடியாது. அதனால் பெற்றவள் வேறொரு பெயரைப் பிடித்துக்கொள்கிறாள், வீடும் தெருவும் அதையே சொல்லும். அசல் பெயர் பள்ளிக்கூடத்துக்கும் ரேஷன் கார்டுக்கும் மட்டும். அந்த வீட்டில் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர்தான் திரும்பத் திரும்ப வருகிறது. எவ்வளவு காலமாக என்று அத்தானுக்கே தெரியாது.

மடைக்குட்டி, மேலூரில் மடை காத்த மனிதர். மழை பொய்த்த ஒரு வருடத்தில் கீழூர் அண்ணன் தம்பி மூன்று பேர் தங்கள் முறை வருவதற்கு முன்னால் மடையைத் திறக்கச் சொல்லி வந்தார்கள். அவர் மாட்டேன் என்றார். வெட்டிக் கால்வாயிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். பிறகு அவர் சாமியானார். ஆடியில் அவருக்குக் கொடை விழா, கொடையில் வில்லுப்பாட்டு, வில்லுப்பாட்டில் அவர் கதை. இது எந்தக் காலத்தில் நடந்தது என்று பாட்டு சொல்வதில்லை.

இன்றைக்கு இரண்டு ஊருக்கும் பகை ஒன்றும் கிடையாது. பெண் கொடுக்கிறோம், எடுக்கிறோம். கொடைக்கு முதல் வாழைக்குலை கீழூரில் அத்தான் வீட்டிலிருந்துதான் வரும். ஏன் அந்த வீட்டிலிருந்து என்று யாரும் கேட்பதில்லை, யாருக்கும் தெரியாமலும் இல்லை. குலையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அந்த வீட்டு ஆண்கள் பாட்டுக்கு முன்வரிசையில் உட்காருவார்கள்.

அவர்கள் உட்காருவதற்கு ஒரு வழி செய்து வைத்திருக்கிறார்கள். பாட்டில் வெட்டும் கட்டம் வரும்போது வெட்டியவர்கள் பெயரும் வரும். அந்த இடத்தில் பாட்டை நடத்தும் புலவர் வாயை மட்டும் அசைப்பார். குடம் அடிக்கிறவர் அந்தப் பெயரின் நீளத்துக்கு ஓங்கி அடிப்பார். பெயர் முடிந்ததும் குடம் தணியும், பாட்டு தொடரும். நான் விவரம் தெரிந்த நாளிலிருந்து கல்யாணமாகிப் போகும்வரை ஒரு கொடையும் விடாமல் பார்த்திருக்கிறேன். அந்தப் பெயரை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

ஏட்டில் குடச்சத்தத்தை எழுதமாட்டார்கள், பெயரைத்தான் எழுதுவார்கள். எனக்கு அது உறைக்கவில்லை.

3

அந்த வில்லுப்பாட்டு ஏடு ஒன்றை யாரோ ஒரு பாதிரியார் எங்கள் பக்கத்திலிருந்து இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். யாரும் பிரித்துப் பார்க்காமல் பெட்டிக்குள் கிடந்தது. கணவர் வேலைக்காக வந்து, மொழி வகுப்புகளில் ‘இது மேசை, அது நாற்காலி’ என்று சொல்லிச் சொல்லி நொந்துபோயிருந்த எனக்கு, தமிழ் படிக்கத் தெரியும் என்கிற ஒரே தகுதியில் இந்த நூலகத்தில் வேலை கிடைத்தது. ஊரில் தமிழ் எம்.ஏ. என்றால் ‘டீச்சர் வேலை கெடைக்கலயா’ என்று கேட்பார்கள். இங்கே என்னை நிபுணர் என்றார்கள். தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் போனது.

வேலை இதுதான். ஏட்டைப் படம் எடுப்பார்கள். கம்ப்யூட்டர் எழுத்துகளைப் படித்துத் தரும். அதில் பாதி பிழையாக இருக்கும், நான் திருத்துவேன். பிறகு ஆள் பெயர், ஊர்ப் பெயர் எல்லாவற்றையும் அடையாளம் இட்டு, ஒவ்வொரு பெயரையும் உலகத்தில் வேறு எங்கெல்லாம் அதே ஆளோ ஊரோ வருகிறதோ அங்கெல்லாம் இணைக்க வேண்டும். படிக்கிறவர் ஒரு பெயரைத் தொட்டால் போதும், மற்ற எல்லாம் வந்து நிற்கும்.

கீழூருக்கு ஏட்டில் வேறு பெயர். பழைய பெயர், எந்த வரைபடத்திலும் இல்லாதது. மேலூரில் வயதானவர்கள் கோபம் வந்தால் மட்டும் அந்தப் பெயரைச் சொல்லித் திட்டுவார்கள். ஜெர்மனியில் இருக்கும் எந்தப் பேராசிரியராலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. நான் கண்டுபிடித்தேன். இன்றைய கீழூரோடு இணைத்தேன். கூட்டத்தில் உல்ரிக்கே எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினாள், நான் வீட்டுக்கு வந்து கணவரிடம் இரண்டு தடவை சொன்னேன்.

வெட்டியவர்களில் மூத்தவனின் பெயரையும் அன்றுதான் முதன்முதலாகப் படித்தேன். அது துரையின் பெயர் என்று பார்த்தேன். அத்தான் வீட்டின் முதல் குலைக்குக் காரணம் எழுத்திலேயே இருந்தது. கொஞ்சம் சில்லிட்டது. அத்தோடு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

மீதியைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது. ஒரே பெயர், ஒரே ஊர் என்றால் அது ஒரே ஆளாக இருக்கலாம் என்று அதற்குச் சொல்லி வைத்திருக்கிறோம். காலம் வேறாக இருந்தால் பிரித்துவிடும். வில்லுப்பாட்டுக்கு ஏது வருடம்? ‘தெரியவில்லை’ என்று நான்தான் நிரப்பியிருந்தேன். அது இணையம் முழுக்கத் தேடி, எங்கோ ஒரு செய்திப் பக்கத்தில் கபடிக் கோப்பையோடு நின்ற துரையைக் கண்டுபிடித்து, கொலைகாரனோடு சேர்த்து வைத்தது. எங்களிடம் பகுதிநேரம் வரும் ஒரு மாணவி சரி என்று குறியிட்டுவிட்டாள். அவளுக்குத் தமிழும் தெரியாது, கபடியும் தெரியாது.

4

என் மகள் நிலா இங்கேயே பிறந்தவள். ஒன்பதாம் வகுப்பு. தமிழ் பேசுவாள், ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் சில்லறை எண்ணிக் கொடுப்பதுபோல நிதானமாகப் பேசுவாள். அக்காவோடு போனில் பேசச் சொன்னால் ‘பெரியம்மா, சாப்பிட்டீங்களா’ என்பதற்கு மேல் போகமாட்டாள். அக்காவுக்கு அதில் வருத்தம். ‘பாடம் ஒப்பிக்க மாதிரி இருக்குட்டி’ என்பாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் நடந்ததையும் குடம் அடித்துப் பெயரை மூடும் வழக்கத்தையும் அவளிடம் சொன்னேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் மூச்சு முட்டிவிடும்போல இருந்தது.

“துரை அண்ணன் படத்தை எடுக்கணும். அது தப்பு,” என்றாள். “ஆனா அந்தப் பேரை எடுக்கக் கூடாதும்மா.”

“ஏன்?”

“அது உண்மைதானே. கொன்னவங்க பேரை மறைச்சா, செத்தவருக்கு யாரு இருக்கா?”

எங்கள் தெருவில் நடைபாதையில், நாஜி ஆட்சியில் கொல்லப்பட்டவர்களுக்காகச் சின்னச் சின்னப் பித்தளைக் கற்கள் பதித்திருப்பார்கள். இந்த வீட்டில் இன்னார் இருந்தார், இன்ன வருடம் இழுத்துச் செல்லப்பட்டார், கொல்லப்பட்டார் என்று அவற்றில் எழுதியிருக்கும். நிலாவின் பள்ளியில் பிள்ளைகள் அந்தக் கற்களைத் துடைக்கப் போவார்கள். அவர்களைக் காட்டிக்கொடுத்தது யார், பக்கத்து வீட்டுக்காரரா, கடைக்காரரா என்று பழைய காகிதங்களில் தேடி எழுதுவதுகூட அவர்களுக்கு வீட்டுப்பாடம். பெயரைச் சொல்வதுதான் இந்த நாட்டில் மரியாதை. அவள் அதில் வளர்ந்தவள், அவள் சொல்வது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

“எல்லாருக்கும் தெரியும்டா அங்க. யார்ட்டயும் மறைக்கல.”

“தெரிஞ்சா சொல்லலாமே. எதுக்கு டிரம் அடிக்கணும்?”

“சொல்லிட்டா அப்புறம் ஏதாவது செய்யணும்னு ஆயிடும். அதுக்குத்தான்.”

அவளுக்குப் புரியவில்லை. புரியும்படி சொல்ல எனக்கு ஜெர்மன் மொழியும் போதவில்லை, அவளுக்குத் தெரிந்த தமிழும் போதவில்லை. எங்கள் பக்கம் கேலி எந்த இடத்தில் கேலியாக இல்லாமல் போகும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரு பெயர், கையில் கட்டிய கயிற்றின் நிறம், பஸ்ஸில் ஒரு சீட்டு, அதற்கெல்லாம் பிள்ளைகள் வெட்டுப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதை நிலாவிடம் சொல்லவில்லை. அவள் என் ஊரைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பதே கொஞ்சம்தான், அதிலும் இதைச் சேர்க்க மனம் வரவில்லை.

5

அந்தப் பக்கத்தை அன்றே எடுத்துவிடலாம் என்று நான் நினைத்தது என் அறியாமை. இணைப்பைச் சேர்க்க ஒரு விரல் போதும். எடுப்பதற்கு விண்ணப்பம் வேண்டும்.

உல்ரிக்கே நல்லவள். உண்மையிலேயே பதறினாள். ஆனால் உயிரோடு இருக்கும் ஒருவரைப் பற்றிய தகவல் என்றால் தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒப்புக்கொள்ள வேண்டும், அவர் விடுமுறையில் இருந்தார். பாதிக்கப்பட்டவர் தானே எழுதிக் கேட்க வேண்டும், ஜெர்மன் மொழியில். அடையாளச் சான்று வேண்டும். அவரும் சுவடியில் வரும் நபரும் ஒருவர் அல்ல என்பதற்கு விளக்கம் வேண்டும். ‘விண்ணப்பதாரர், காலம் தெரியாத ஒரு பாடலில் மடைக்காவலரைக் கொன்றவர் அல்ல’ என்று நான் துரைக்காக ஜெர்மன் மொழியில் எழுதினேன். சிரிக்க வேண்டிய வாக்கியம்தான். பிழை இருக்கிறதா என்று மூன்று தடவை படித்துப் பார்த்தேன்.

ஏன் இவ்வளவு பயப்படுகிறாய் என்று கேட்டார்கள். குடம் அடித்துப் பெயரை மூடும் வழக்கத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. எவ்வளவு அருமையான தகவல், இது எந்தச் சுவடியிலும் இல்லையே என்றார்கள். ‘குடத்தால் மூடப்படும் சொல்’ என்று புதிதாக ஓர் அடையாளம் உண்டாக்கி, ஏட்டில் அந்த இடங்களையெல்லாம் நான் குறித்துத் தர முடியுமா என்று ஒருவர் கேட்டார். அப்படிச் செய்தால் மூடிய பெயர்களை மட்டும் தனியாகத் தேடி எடுக்க முடியும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நான் இந்த நாட்டில் கற்றுக்கொண்ட முதல் பொய் அதுதான்.

சான்றுக்காக அக்காவைக் கூப்பிட்டேன். அவளுக்கு விஷயம் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தது.

“ஏட்டி, என்னத்தட்டி எழுதி வச்சிருக்க?”

“நான் எழுதலக்கா. ஏட்டுல இருக்கது.”

“ஏட்டுல இருக்கது ஏட்டுலயே கெடக்கக் கூடாதா? ஒனக்கு என்னட்டி கெடுதல் செஞ்சோம் நாங்க?”

அவள் கொஞ்சம் அழுதாள், பிறகு என்ன வேண்டும் என்று கேட்டாள். துரையின் பிறப்புச் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பினாள். பெயரில் ஓர் எழுத்து மங்கியிருந்தது, சான்றில் இருக்கும்படியே எழுதினால்தான் விண்ணப்பம் செல்லும். அத்தான் வயலுக்குப் போயிருந்தார், துரை கல்லூரியில்.

“சரியா எழுதிக்கோ. மாறிப் போயிரக் கூடாது,” என்றவள், அந்தப் பெயரைச் சொன்னாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமனார் பெயர் என்று வாயால் சொல்லாத, மகனையும் கூப்பிடாத பெயரை ஒவ்வோர் எழுத்தாக எனக்குச் சொன்னாள். சொல்லி முடித்து, “இதையும் எங்கயாவது போட்டுருவாங்களாட்டி?” என்று கேட்டாள். மாட்டார்கள் என்றேன்.

6

பக்கம் ஒருவழியாக எடுக்கப்பட்டது. அதிகாரி விடுமுறையிலிருந்து வந்து மன்னிப்புக் கடிதம்கூட எழுதினார். ஆனால் துரை எடுத்த படம் போன்களில் இருந்தது. படத்துக்கு மேலே எவனோ எழுதிச் சேர்த்திருந்தான்: ‘வெட்டினவன் வந்துட்டான்.’

முதலில் கிளாஸில் சிரிப்பாகத்தான் இருந்தது. வருகைப் பதிவு எடுக்கும்போது வாத்தியார் துரையின் பெயரைச் சொன்னால் பின்பெஞ்சில் டெஸ்க்கைத் தட்டுவார்கள். அவனும் சிரித்தான். பிறகு பஸ்ஸில் தட்டினார்கள். பிறகு ஒரு நாள் கால்வாய்ப் பாலத்தில் அவன் பைக்கை மறித்தார்கள்.

“மேலூர்ப் பயலுவதான் சித்தி. அருவா எங்கலே வச்சிருக்கன்னு பைக் பெட்டியத் தொறந்து பாக்கான். சிரிச்சுக்கிட்டேதான் பாக்கான்.”

“நீ என்ன சொன்ன?”

“நானும் சிரிச்சேன். ஆனா சாவியக் கையில வச்சுக்கிட்டுத் தர மாட்டேங்கான். ரொம்ப நேரம் நின்னேன்.”

யார் யார் என்று கேட்டேன். சொன்னான். ஒருவன் என் சித்தப்பாவின் பேரன். நான் தூக்கி வைத்திருந்த குழந்தை. அவன் அப்பாவைக் கூப்பிட்டு, பிள்ளையைக் கண்டியுங்கள் என்றேன். “சின்னப் பயலுவ வெளையாட்டு, நீ அங்கன இருந்துக்கிட்டு ஏன் பெருசாக்குத?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இருந்தாலும் அந்தப் பேரு நெசமாவே அவிய வீட்டுப் பேருதானா?” என்று கேட்டார். இவ்வளவு காலம் கொடை கழித்தவர், பெரிய மனிதர், அவருக்கும் கேட்க ஆசை வந்துவிட்டது.

அதிலிருந்து எனக்கு வேலையில் மனம் நிற்கவில்லை. டிராமில் போனால் போனைக் கையிலேயே வைத்திருப்பேன். துரை ஒரு செய்திக்குப் பதில் போடத் தாமதித்தால் அவன் பாலத்தைத் தாண்டிவிட்டானா என்று அக்காவைக் கேட்பேன். நான் கேட்கக் கேட்க அக்காவுக்குப் பயம் கூடியது. கணவர் இதையும் சொல்லிப் பார்த்தார். என்னால் நிறுத்த முடியவில்லை.

7

ஆடி வந்தது. கொடைக்குப் போக வேண்டாம் என்று அக்கா அத்தானிடம் மன்றாடினாள். நானும் பேசினேன்.

“போவாம இருந்தோம்னா, ஆமா நாங்கதான்னு சொன்ன மாதிரில்லா ஆயிரும்,” என்றார் அத்தான். “எங்க அப்பா கொண்டு போனாவ, நான் கொண்டு போறேன். வாழக்கொலைய வச்சிட்டுப் பைய வந்துருவோம்.”

துரையையும் கூட்டிக்கொண்டு போனார். குலையைத் தூக்க ஆள் வேண்டும், அது அந்த வீட்டுப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். மனம் கேட்காமல் அக்காவும் பின்னாலேயே போனாள்.

அங்கே உச்சிவேளை என்றால் எனக்குக் காலை. வேலைக்குப் போகாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். நிலா பள்ளிக்குக் கிளம்பியவள், என்னைப் பார்த்துவிட்டுப் பையை இறக்கி வைத்து எதிரே உட்கார்ந்தாள். பள்ளிக்கு நேரமாகிறது என்று நான் சொல்லவில்லை.

அக்கா கூப்பிட்டபோது குரல் நிதானமாக இருந்தது. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

“ஒண்ணும் நடக்கலட்டி. கொலைய வாங்கிக்கிட்டாவ. முன்னாடி உக்காரச் சொன்னாவ. எல்லாம் எப்பவும் போலத்தான். வெட்டு வந்திச்சு. கொடத்த அடிச்சான். பின்னால இருந்து பயலுவ எல்லாரும் சேந்து பேரச் சொன்னானுவ.”

“சத்தமாவா?”

“சத்தமா. கொடத்துக்கு மேல கேட்டுச்சு. அவன் இன்னும் ஓங்கி அடிச்சான். இவனுவ இன்னும் சத்தமாச் சொன்னானுவ. பெறவு கொடம் நின்னு போச்சு. அவனுக்கும் கை ஓயும்லா.”

“துரை?”

“காலேஜ்ல பேரு கூப்பிட்டா எந்திப்பான்லா, அந்தப் பழக்கம். எந்திச்சு நின்னுட்டான்.”

அத்தனை கூட்டத்துக்கும் நடுவில் அவன் நின்றிருக்கிறான். பாட்டு வெட்டில் நின்றிருக்கிறது. வெட்டில் பாட்டை நிறுத்தக் கூடாது, வெட்டுப்பட்டவர் வரம் வாங்கிச் சாமியாகும்வரை பாடியாக வேண்டும், அது எல்லாருக்கும் தெரியும். புலவர் வாயைத் திறக்கவில்லை. எவரும் அவனைத் தொடவில்லை, திட்டவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள். அத்தான் எழுந்து அவன் தோளில் கை போட்டு நடத்தி வெளியே கூட்டிவந்தார்.

“சாமி சோறு திங்காம வந்துட்டோம்,” என்றாள் அக்கா. “இன்னைக்கு வரைக்கும் அப்படி ஒருக்காலும் வந்தது கெடையாது.”

நிலா எழுந்து வந்து என் முதுகில் கை வைத்தாள். பெரியம்மா பேசியது எவ்வளவு அவளுக்குப் புரிந்தது என்று நான் கேட்கவில்லை.

8

போன வாரம் துரை வீடியோவில் கூப்பிட்டான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் பழைய மாதிரிச் சிரிப்பதைப் பார்த்தேன். கன்னம் ஒட்டியிருந்தது, ஆனால் சிரித்தான்.

“சித்தி, இனிமே பிரச்சினையே இல்ல. பேர மாத்தியாச்சு.”

புதுப் பெயரைச் சொன்னான். நல்ல பெயர், சின்னப் பெயர். எந்த வில்லுப்பாட்டிலும் வராது.

“அப்பா என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. கூடவே வந்து எல்லாம் எழுதிக் குடுத்தாங்க. வீட்டுக்கு வந்து தாத்தா படத்துக்கு முன்னாடி நெடுநேரம் உக்காந்திருந்தாங்க.”

“அம்மா?”

“அம்மா இப்பம் என்னைய பேரச் சொல்லிக் கூப்பிடுதா சித்தி. ஒரு நாளைக்கு எத்தன தடவ கூப்பிடுதா தெரியுமா? ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் கூப்பிடுதா.”

எனக்குப் பயம் விட்டு, ஒரு மூச்சு முழுசாக வந்தது. கம்பெனிகளுக்கெல்லாம் புதுப் பெயரில் விண்ணப்பம் போடப் போவதாகச் சொன்னான். சென்னை, ஓசூர், எங்கேயாவது. அங்கே போய்விட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது என்றான்.

“சர்ட்டிபிகேட்ல எல்லாம் பழைய பேரு இருக்குமேலே?”

“அதெல்லாம் முறைப்படி பண்ணியாச்சு. கெசட்ல வந்திருச்சு சித்தி.”

அவன் பேசிக்கொண்டே இருந்தான். நான் அவனைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டரில் அவனுடைய பழைய பெயரையும் ஊரையும் அடித்தேன். அரசாங்கக் கெசட் பக்கம் முதலிலேயே வந்தது. யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை, போட வேண்டியதை ஒழுங்காகப் போட்டிருந்தார்கள். பழைய பெயர். பிறந்த தேதி. தந்தை பெயர். கதவு எண், தெரு, கீழூர். இவர் இனிமேல் இன்னார் என்று அழைக்கப்படுவார். காலம் சரியாக இருக்கிறது, ஆள் சரியாக இருக்கிறான். எங்கள் கம்ப்யூட்டர் இவ்வளவு துல்லியமாக ஓர் இணைப்பை ஒருநாளும் போட்டதில்லை.

“என்ன சித்தி, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிய? பேரு நல்லா இல்லையா?”

“நல்ல பேருலே,” என்றேன்.